கரி படிந்த சரித்திரம்

பூகோள ஆசிரியர்களுக்கு அப்பலாச்சியன் மலைத்தொடர் மிகவும் சௌகரியமான மலைத்தொடர். "அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிழக்குப் பகுதியில் உள்ளது, வடகிழக்கிலிருந்து தென்மேற்காகச் செல்வது, நிலக்கரி மிகுதியாகக் கிடைப்பது" என்று சொல்லி, தேசப்படத்தில் ஒரு பழுப்புக் கோட்டைப் பிரம்பால் தொட்டுக் காட்டினால் பாடம் முடிந்தது. மணியும் அடித்துவிடும்.

"நிலக்கரி கிடைப்பது" என்ற வார்த்தையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மழைக்காலத்தில் ஆற்றில் தண்ணீர் கிடைப்பதுபோல் நிலக்கரி கிடைப்பதில்லை. யாராவது ஒருவன் பூமிக்குள் நுழைந்து, ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, வெட்டி எடுத்து வெளியே அனுப்பினால்தான் அது கிடைக்கும். அந்த ஒருவன் யார், அவனுக்கு என்ன கூலி கிடைத்தது, போதாது என்று அவன் சொன்னபோது என்ன நடந்தது என்பதெல்லாம் பூகோளப் பாடத்தில் வராது. சரித்திரப் பாடத்தில் வரவேண்டியவை. ஆனால் அப்பலாச்சியன் மலைப் பிரதேசத்திலேயே, அந்த மலைவாசிகளின் குழந்தைகள் படித்த சரித்திரப் புத்தகத்திலேயே, நெடுங்காலம் அது வரவில்லை. ஏன் வரவில்லை, பிறகு எப்படி வந்தது என்பதைத்தான் இந்த வாரம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

மேற்கு வர்ஜீனியா என்பது ஐக்கிய நாடுகளின் ஐம்பது ராஜ்யங்களில் ஒன்று. 1863-ல், உள்நாட்டு யுத்தத்தின் நடுவில், வர்ஜீனியாவிலிருந்து பிரிந்து தனி ராஜ்யமாயிற்று. "மலைவாசிகள் என்றும் சுதந்திரர்கள்" என்பது அந்த ராஜ்யத்தின் முத்திரை வாசகம். லத்தீன் மொழியில் மிகவும் கம்பீரமாக எழுதி வைத்திருக்கிறார்கள். நாம் அந்த ராஜ்யத்தின் தென்பகுதியில் சில நாட்கள் பிரயாணம் செய்தபோது, அந்த வாசகம் எங்கே மெய்யாயிற்று, எங்கே பொய்யாயிற்று என்று பார்ப்பதே நமது வேலையாக இருந்தது.

தலைநகரமான சார்ல்ஸ்டன் கனாவா நதிக்கரையில் இருக்கிறது. அதை விட்டுத் தெற்கே சென்றால் சமவெளி என்ற பேச்சே இல்லை. இரு புறமும் காடு அடர்ந்த மலைகள். நடுவே ஓர் ஓடை. ஓடையை ஒட்டி ரயில் பாதை, ரயில் பாதையை ஒட்டி மோட்டார் சாலை, சாலையை ஒட்டி ஒரே வரிசையாக மர வீடுகள். நான்கையும் ஒரே பள்ளத்தாக்கில் நெருக்கி அடைத்திருக்கிறது. வீடுகள் பலவும் ஒரே அச்சில் வார்த்தவைபோல் இருக்கும். காரணம், அவை ஒருவர் பின் ஒருவராக ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்ட வீடுகள் அல்ல. நிலக்கரிக் கம்பெனிகள் மொத்தமாகக் கட்டி வாடகைக்கு விட்ட வீடுகள்.

அந்தக் காலத்து வாழ்க்கையைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்களுக்குப் பெக்லி என்ற ஊரில் ஒரு வசதி உண்டு. பழைய சுரங்கம் ஒன்றையே காட்சிச்சாலையாக்கி வைத்திருக்கிறார்கள். சிறிய ரயில் பெட்டியில் நம்மை உட்காரவைத்து மலைக்குள் அழைத்துச் செல்கிறார்கள். வழிகாட்டிகள் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். வெளியே கோடையானாலும் குளிரானாலும் உள்ளே எப்போதும் பாரன்ஹீட் 58 டிகிரி. ஓரிடத்தில் வண்டியை நிறுத்தி விளக்கை அணைத்துக் காட்டினார்கள். நம் கையை நம் கண்ணெதிரே கொண்டு வந்தாலும் தெரியவில்லை. எங்களோடு வந்திருந்த ஒரு சிறுமி, "போதும், விளக்கைப் போடுங்கள்" என்று தாயின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் வயதை விடச் சற்றே மூத்த பையன்கள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அந்த இருட்டில் நாள் முழுவதும் காற்றுக் கதவைத் திறந்து மூடும் உத்தியோகம் பார்த்தார்கள்.

வெட்டுகிறவனுக்கு நாட்கூலி கிடையாது. வெட்டிய கரியின் எடைக்குத்தான் கூலி. அவன் நிரப்பிய வண்டியில் தன் எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்றை மாட்டி வெளியே அனுப்புவான். அங்கே கம்பெனியின் ஆள் எடை போடுவான். கரியோடு கல் கலந்திருக்கிறது என்று அவன் கழித்தது கழித்ததுதான். சுரங்கத்துக்குள் இருப்பவன் வெளியே வந்து தராசைப் பார்க்க முடியுமா? ஆகையால், "எடை போடும் இடத்தில் எங்கள் ஆள் ஒருவன் நிற்கவேண்டும்" என்பது தொழிலாளிகளின் முதன்மையான கோரிக்கைகளில் ஒன்றாக இருந்தது. உப்பும் புளியும் வாங்கும் எந்தக் குடும்பத் தலைவிக்கும் இந்தக் கோரிக்கையின் நியாயத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கூலியும் பல இடங்களில் நாட்டு நாணயமாக வருவதில்லை. கம்பெனியின் பெயர் பொறித்த உலோக வில்லைகளாக வரும். அவை கம்பெனிக் கடையில் மட்டுந்தான் செல்லும். மண்வெட்டி, வெடிமருந்து, மாவு, செருப்பு எல்லாம் அங்கேதான் வாங்கவேண்டும். விலையையும் கம்பெனியே வைக்கும். வீட்டு வாடகை, வைத்தியர் கட்டணம் முதலியவற்றைக் கூலியில் கழித்துக்கொள்வார்கள். மாதம் முழுவதும் பாடுபட்டவன் கணக்குப் பார்த்தால், கம்பெனிக்குத் தானே கடன்காரன் என்று அறிந்துகொள்வதும் உண்டு. வீடு கம்பெனியுடையது, கடை கம்பெனியுடையது, பள்ளிக்கூடமும் மாதாகோயிலும் நின்ற நிலம் கம்பெனியுடையது. "சங்கம்" என்ற வார்த்தையை உச்சரித்தவன் வேலையை மட்டும் இழப்பதில்லை. அன்று இரவு படுக்க இடத்தையும் இழப்பான்.

உயிருக்கும் உத்தரவாதம் இல்லை. 1907 டிசம்பர் 6-ந் தேதி, இந்த ராஜ்யத்தின் வடபகுதியிலுள்ள மொனொங்கா என்ற ஊரில் இரண்டு சுரங்கங்கள் வெடித்தன. சர்க்கார் கணக்குப்படி இறந்தவர்கள் 362 பேர். அமெரிக்கச் சுரங்க விபத்துக்களில் இன்றுவரை மிகப் பெரியது அதுதான். இறந்தவர்களில் பலர் இத்தாலியிலிருந்தும் போலந்து முதலிய நாடுகளிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள். கணவனின் உடல் கிடைக்காத இத்தாலிய விதவை ஒருத்தியைப் பற்றி அந்த ஊரில் ஒரு செய்தி சொல்கிறார்கள். அவள் தினந்தோறும் சுரங்கத்தருகே சென்று ஒரு மூட்டை கரியைச் சுமந்து வந்து, தன் வீட்டருகே கொட்டுவாளாம். அதை எரிக்கவும் மாட்டாள்; விற்கவும் மாட்டாள். கணவன்மேல் கிடக்கும் பாரத்தில் நாளுக்கு ஒரு மூட்டையாவது குறையட்டும் என்பது அவள் எண்ணம். இப்படி 29 வருஷம் சுமந்தாளாம். வீட்டருகே ஒரு சிறு குன்றே எழுந்துவிட்டதாம். 2007-ல், விபத்தின் நூறாவது ஆண்டில், அந்த விதவைகளுக்காக மொனொங்காவில் ஒரு சிலை வைத்தார்கள்.

இந்த நிலைமையில் சுரங்கத் தொழிலாளர் ஐக்கிய சங்கம் அங்கே வந்து சேர்ந்தது. 1890-ல் ஒஹையோ ராஜ்யத்தில் ஆரம்பிக்கப்பட்ட சங்கம் அது. வெள்ளையர், கறுப்பர், அந்நிய தேசத்திலிருந்து வந்தவர் என்ற பேதமில்லாமல் எல்லோரையும் உறுப்பினராகச் சேர்த்தது. நீக்ரோக்கள் என்று அக்காலத்தில் அழைக்கப்பட்ட கறுப்பு மக்களுக்குத் தனிப் பள்ளிக்கூடம், தனி வீட்டு வரிசை என்றிருந்த நாட்டில் இது சாமானிய விஷயமல்ல. கம்பெனிகள் பக்கத்திலும் ஒரு வாதம் இருந்தது: "எங்கள் கரி தூரத்துச் சந்தைக்குப் போகவேண்டும், ரயில் சத்தம் அதிகம், ஒஹையோவும் இல்லினாயும் கொடுக்கும் கூலியை நாங்களும் கொடுத்தால் எங்கள் கரியை யார் வாங்குவார்கள்?" என்றார்கள். வாதம் பொய்யென்று சொல்லமுடியாது. ஆனால் அந்த வாதத்தைக் காப்பாற்ற அவர்கள் கணக்குப் புத்தகத்தை நம்பவில்லை, துப்பாக்கியை நம்பினார்கள். பால்ட்வின்-பெல்ட்ஸ் என்ற தனியார் துப்பறியும் ஸ்தாபனத்தின் ஆட்களைக் காவலுக்கு அமர்த்திக்கொண்டார்கள்.

1912-ல் பெயின்ட் கிரீக், கேபின் கிரீக் என்ற இரண்டு ஓடைகளின் பள்ளத்தாக்குகளில் வேலை நிறுத்தம் ஆரம்பமாயிற்று. வீட்டை விட்டு வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் கூடாரங்களில் குளிர்காலத்தைக் கழித்தன. 1913 பிப்ரவரி 7-ந் தேதி இரவு, இரும்புத் தகடு போர்த்த ரயில் ஒன்று விளக்குகளை அணைத்துக்கொண்டு ஹாலி குரோவ் என்ற இடத்துக் கூடாரங்களைக் கடந்து சென்றது. கடக்கும்போதே அதிலிருந்த இயந்திரத் துப்பாக்கி கூடாரங்களின்மேல் சுட்டது. குடும்பத்தைப் பத்திரமான இடத்தில் சேர்க்க முயன்ற ஸெஸ்கோ எஸ்டெப் என்ற தொழிலாளி மாண்டான்.

இந்தப் போராட்டத்தில் முன்னின்றவர்களில் ஒரு மூதாட்டியும் உண்டு. அன்னை ஜோன்ஸ் என்று உலகம் அழைத்த மேரி ஹாரிஸ் ஜோன்ஸ். அயர்லாந்தில் பிறந்தவர். பள்ளி ஆசிரியையாகவும் தையற்காரியாகவும் ஜீவனம் செய்தவர். 1867-ல் மெம்பிஸ் நகரில் பரவிய விஷஜுரத்தில் கணவனையும் நான்கு குழந்தைகளையும் பறிகொடுத்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு சிகாகோ தீயில் தையற்கடையும் போயிற்று. சொந்தமென்று ஒன்றும் மிஞ்சாத அந்த அம்மையார், ஊர் ஊராகச் சென்று தொழிலாளிகளைத் திரட்டுவதையே வாழ்க்கையாக்கிக்கொண்டார். 1913-ல், எழுபத்தைந்து வயதில், அவரைக் கைது செய்து ராணுவக் கோர்ட்டில் விசாரித்து, பிராட் என்ற சிற்றூரில் ஏறக்குறைய மூன்று மாதம் காவலில் வைத்தார்கள். ராஜ்யத்தில் சிவில் கோர்ட்டுகள் திறந்துதான் இருந்தன. ராணுவச் சட்டத்துக்கு அவை கண்ணில் படவில்லை.

அடுத்த காட்சி மேட்வான் என்ற ஊரில். டக் நதியின் இக்கரையில் மேற்கு வர்ஜீனியா, அக்கரையில் கெண்டக்கி. ஊருக்கு வரும் உல்லாசப் பிரயாணிகளில் பலர் ஹாட்பீல்டு, மக்காய் என்ற இரண்டு குடும்பங்களின் பழைய பகையைக் கேட்கவே வருகிறார்கள். 1880-களில் நடந்த அந்தக் குடும்பச் சண்டையைப் பற்றிப் புத்தகங்களும் படக்காட்சிகளும் எத்தனையோ வந்துவிட்டன. மலைவாசிகள் காரணமில்லாமல் சுட்டுக்கொள்ளும் முரடர்கள் என்ற எண்ணம் அதனால் தேசமெங்கும் பரவிற்று. அந்த எண்ணம் கம்பெனிகளுக்கு எவ்வளவு உபயோகமாக இருந்திருக்கும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். தொழிலாளி கூலிக்காகத் துப்பாக்கி எடுத்தாலும், "அவர்கள் பிறவிக் குணம் அது" என்று சொல்லிவிடலாமல்லவா?

1920 மே 19-ந் தேதி, பால்ட்வின்-பெல்ட்ஸ் ஆட்கள் ரயிலில் வந்து இறங்கினார்கள். ஸ்டோன் மௌண்டன் என்ற கம்பெனியின் வீடுகளில் குடியிருந்த சங்கக் குடும்பங்களின் சாமான்களைத் தெருவில் எடுத்து எறிந்தார்கள். மாலை ரயிலுக்குத் திரும்பியபோது ஊர்ப் போலீஸ் தலைவர் ஸிட் ஹாட்பீல்டு அவர்களை வழிமறித்தார். கம்பெனிகளின் ராஜ்யத்தில் கம்பெனிக்குத் தலை வணங்காத போலீஸ் அதிகாரி அபூர்வம். இவர் அப்படிப்பட்ட அபூர்வம். முன்பு சுரங்கத்தில் வேலை செய்தவர். "உங்களைக் கைது செய்ய வாரண்டு வருகிறது" என்றார் இவர். "உன்னைக் கைது செய்ய எங்களிடமே வாரண்டு இருக்கிறது" என்றார்கள் அவர்கள். மேயர் டெஸ்டர்மன் அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டுப் போலி என்றார். யார் முதலில் சுட்டது என்பது இன்றுவரை விவாதத்தில் இருக்கிறது. துப்பறியும் ஆட்கள் ஏழு பேர், தொழிலாளிகள் இருவர், மேயர் ஆகப் பத்துப் பேர் இறந்தார்கள். பழைய தபாலாபீஸ் கட்டிடத்தின் செங்கற் சுவரில் குண்டு பாய்ந்த வடுக்கள் இன்னும் இருக்கின்றன. விரல் நுனியை வைத்துப் பார்க்கலாம்.

ஸிட் ஹாட்பீல்டு கொலை வழக்கில் விடுதலையானார். ஆனால் வேறொரு வழக்குக்காக 1921 ஆகஸ்ட் 1-ந் தேதி வெல்ச் என்ற ஊர்க் கோர்ட்டுக்கு வரவேண்டியிருந்தது. அவரும் நண்பர் எட் சேம்பர்ஸும் தத்தம் மனைவியரோடு, கையில் ஆயுதமில்லாமல், கோர்ட்டுப் படியேறினார்கள். மேலே காத்திருந்த பால்ட்வின்-பெல்ட்ஸ் ஆட்கள் இருவரையும் சுட்டுக் கொன்றார்கள். சுட்டவர்கள் "தற்காப்புக்காகச் சுட்டோம்" என்றார்கள், விடுதலையும் பெற்றார்கள். அந்தக் கல்படிகள் இன்றும் இருக்கின்றன. நியாயம் கேட்க ஏறும் படியிலேயே அதைக் கொன்ற இடம் என்று ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் நம்மால் நகர முடிந்தது.

இந்தச் செய்தி பள்ளத்தாக்குகளில் பரவியதும் தொழிலாளிகள் பொறுமை இழந்தார்கள். சார்ல்ஸ்டனுக்குச் சற்றுத் தெற்கே மார்மெட் என்ற ஊரருகே கூடி, சங்கத்தை அனுமதியாத தென் ஜில்லாக்களை நோக்கி நடக்க ஆரம்பித்தார்கள். சுமார் பதினாயிரம் பேர் என்று கணக்கிடுகிறார்கள். முதல் உலக யுத்தத்தில் பிரான்ஸில் போர் செய்து திரும்பியவர்கள் அவர்களில் பலர். கறுப்பரும் வெள்ளையரும் இத்தாலியரும் ஒரே வரிசையில் நடந்தார்கள். ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்ளக் கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை கட்டிக்கொண்டார்கள். "சிவப்புக் கழுத்தர்கள்" என்று எதிரிகள் ஏசினார்கள். வெயிலில் கழுத்துக் கன்றிப்போன ஏழைக் குடியானவனை இழிவாகச் சொல்லும் பழைய வார்த்தை அது. தொழிலாளிகள் அதையே பட்டம்போல் ஏற்றுக்கொண்டார்கள்.

வழியில் குறுக்கே நிற்பது பிளேர் மலை. அதன் முகட்டில் லோகன் ஜில்லா ஷெரீப் டான் சேபின் பதுங்கு குழிகள் வெட்டிச் சுமார் மூவாயிரம் பேருடன் காத்திருந்தார். அவருடைய துணை அதிகாரிகளுக்குச் சம்பளம் கொடுத்து வந்தது நிலக்கரி முதலாளிகளின் சங்கம். 1921 ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் முதல் நாட்களிலும் அங்கே மும்முரமான சண்டை நடந்தது. வாடகைக்கு அமர்த்திய ஆகாய விமானங்களிலிருந்து, கையால் செய்த வெடிகுண்டுகளைத் தொழிலாளிகளின்மேல் போட்டார்கள். வெடிக்காத குண்டு ஒன்று பிறகு கோர்ட்டில் சாட்சிப் பொருளாக வந்தது. உள்நாட்டு யுத்தத்துக்குப் பிறகு அமெரிக்க மண்ணில் நடந்த ஆயுதக் கிளர்ச்சிகளில் இதுவே மிகப் பெரியது என்று சரித்திரக்காரர்கள் சொல்கிறார்கள்.

முடிவு எப்படி வந்தது என்பதுதான் கவனிக்கத்தக்கது. ஜனாதிபதி ஹார்டிங் தேசத் துருப்புக்களை அனுப்பினார். அவர்கள் வந்ததும் தொழிலாளிகள் துப்பாக்கிகளை ஒப்படைத்தும் ஒளித்தும் வைத்துவிட்டு வீடு திரும்பினார்கள். "எங்கள் சண்டை கம்பெனிக் காவலர்களோடு, எங்கள் தேசத்தின் படையோடு அல்ல" என்பது அவர்கள் நிலை. தேசத்துக்கு விரோதிகளாக நடக்க மறுத்த அந்த மனிதர்கள்மேல்தான் பிறகு ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டது. கொலை, சதி, துரோகம் என்று குற்றம் சாட்டப்பட்டவர்கள் 985 பேர். முக்கிய வழக்கு 1922-ல் சார்ல்ஸ் டவுன் என்ற ஊரில் நடந்தது. அடிமைகளை விடுவிக்க ஆயுதம் எடுத்த ஜான் பிரௌனை 1859-ல் விசாரித்துத் தூக்குத் தண்டனை விதித்த அதே கோர்ட்டுக் கட்டிடம். ஆனால் இம்முறை ஜூரர்கள் தலைவர்களில் ஒருவரான பில் பிளிஸ்ஸார்டைக் குற்றமற்றவர் என்றார்கள். துரோகக் குற்றம் ஒரே ஒருவர்மேல் ருசுவாயிற்று. அவரும் ஜாமீனில் வெளிவந்து எங்கோ மறைந்து போனார்.

அந்தத் தொழிலாளிகள் அஹிம்சாவாதிகள் அல்ல. அவர்கள் கையிலும் ரத்தக்கறை உண்டு. சண்டையில் தோற்றவர்களும் அவர்களே. தென் ஜில்லாக்களில் சங்கம் சிதறிற்று. பன்னிரண்டு வருஷம் கழித்து, 1933-ல், ஜனாதிபதி ரூஸ்வெல்ட் காலத்துச் சட்டம் ஒன்று தொழிலாளர் சங்கம் சேரும் உரிமையை ஒப்புக்கொண்டது. சில மாதங்களுக்குள் அதே பள்ளத்தாக்குகளில் ஆயிரக்கணக்கானோர் சங்கத்தில் சேர்ந்தார்கள். பதினாயிரம் பேர் துப்பாக்கியோடு சென்று அடையமுடியாத ஊர்களுக்குச் சங்கம் காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தது. ஆனால் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடக் காத்திருந்தவர்கள், பிளேர் மலையை மறவாதவர்கள்.

மறக்கச் செய்யும் முயற்சி அதற்குள் ஆரம்பமாகிவிட்டது. 1930-களில் தேச சர்க்கார் ஒவ்வொரு ராஜ்யத்துக்கும் பிரயாணிகளுக்கான வழிகாட்டிப் புத்தகம் எழுத எழுத்தாளர்களை நியமித்தது. மேற்கு வர்ஜீனியாப் புத்தகத்தில் தொழிலாளர் போராட்டங்களும் இடம்பெற்றன. அப்போதைய கவர்னர் ஹோல்ட் ஆட்சேபித்தார். பிரயாணிகள் அருவியைப் பார்க்கட்டும், மலையைப் பார்க்கட்டும்; இந்தச் சமாசாரமெல்லாம் எதற்கு? புத்தகம் தடைபட்டுக் கிடந்தது. அவர் பதவியிலிருந்து இறங்கியபின் 1941-ல்தான் வெளியாயிற்று. பள்ளிக்கூடப் பாடபுத்தகங்கள் இன்னும் சாமர்த்தியமாக நடந்துகொண்டன. பல பத்தாண்டுகள் அவை இந்தச் சண்டையைக் காணாததுபோல் கடந்து சென்றன. பிளேர் மலையின் அடிவாரத்தில் பிறந்த பையன், தாத்தா வாயைத் திறந்தால் தெரிந்துகொள்வான். தாத்தாக்களும் வாயைத் திறக்கவில்லை. துரோக வழக்கின் பயம் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது.

பாடபுத்தகத்தில் ஒரு பக்கம் விட்டுப்போனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். ஓர் உதாரணம் சொல்கிறோம். கரித்தூள் நுரையீரலில் படிந்து மூச்சுத் திணறிச் சாவது சுரங்கத் தொழிலாளியின் தலையெழுத்து என்று அந்த மலைகளில் நெடுங்காலம் நம்பி வந்தார்கள். 1968 நவம்பர் 20-ந் தேதி பார்மிங்டன் என்ற இடத்துச் சுரங்கம் வெடித்து 78 பேர் மாண்டார்கள். அதன்பின் 1969 பிப்ரவரியில் சுமார் நாற்பதினாயிரம் தொழிலாளிகள், சங்கத் தலைமையின் உத்தரவையும் எதிர்பாராமல், வேலையை நிறுத்தினார்கள். "இது தலையெழுத்தல்ல, தொழிலால் வந்த வியாதி. நஷ்டஈடு வேண்டும்" என்றார்கள். அந்த வருஷமே ராஜ்யச் சட்டமும் தேசச் சட்டமும் வந்தன. தலையெழுத்து என்று நம்பியதைச் சட்டத்தால் மாற்றலாம் என்று அறிந்துகொள்ள, முன்னோர் ஒரு தடவையாவது மாற்ற முயன்றார்கள் என்ற செய்தி வேண்டும். சரித்திரம் ஏழைக்குக் கொடுக்கும் ஆஸ்தி அது ஒன்றுதான்.

அந்த வியாதி இன்னும் தீர்ந்தபாடில்லை. கனமான கரிப்படிவுகள் தீர்ந்துபோய், மெல்லிய படிவுகளைப் பாறையோடு சேர்த்து வெட்டுவதால், சிலிகாத் தூள் நுரையீரலில் சேர்கிறது. தென்மேற்கு வர்ஜீனியாவிலுள்ள மூன்றே வைத்தியசாலைகளில் 2013 முதல் 2017 வரை இந்நோயின் மிகக் கடுமையான நிலையில் 416 பேரைக் கண்டதாக 2018-ல் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். சிலிகாத் தூளைக் கட்டுப்படுத்தும் விதி 2024-ல் பிறந்தது. 2025-ல் அதன் அமலைத் தள்ளிவைத்தார்கள். தூள் மட்டும் எந்த உத்தரவுக்காகவும் காத்திருப்பதில்லை.

கரியை எடுத்தவர்கள் பணக்காரர்களானார்களா? வெல்ச் நகரம் மக்டவல் ஜில்லாவின் தலைநகர். 1950-ல் அந்த ஜில்லாவில் சுமார் 99,000 பேர் வசித்தார்கள். 2020-ல் சுமார் 19,000 பேர். சுரங்கத்தில் இயந்திரங்கள் வந்தபோது மனிதர்கள் வெளியேறினார்கள். பிறகு கரியின் காலமே இறங்குமுகமாயிற்று. 1961-ல் ஜனாதிபதி கென்னடி ஏழைகளுக்கு உணவுச் சீட்டு வழங்கும் திட்டத்தை மறுபடி ஆரம்பித்தபோது, முதல் சீட்டுக்களைப் பெற்றது இந்த ஜில்லாக் குடும்பம் ஒன்று. தேசத்தின் உருக்காலைகளுக்கும் கப்பல்களுக்கும் எரிபொருள் அனுப்பிய ஊரில், அடுப்பில் ஏற்றச் சர்க்கார் சீட்டு வேண்டியிருந்தது. கடைத்தெருவில் நடந்தால் பூட்டிய கதவுகளே அதிகம்.

ஆயினும் இந்தப் பிரயாணத்தில் நமக்கு உற்சாகம் அளித்த விஷயங்கள் இரண்டு உண்டு.

முதலாவது, மறைத்த சரித்திரத்தை அந்த ஊர்க்காரர்களே தோண்டி எடுத்தது. பிளேர் மலையைச் சேர்ந்த ஒருவர் வருஷக்கணக்காக மலைமுகட்டில் நடந்து, துருப்பிடித்த தோட்டாக் கூடுகளைத் தேடி எடுத்து, எவர் எங்கே நின்று சுட்டார் என்பதைக் குறித்து வைத்தார். மலையின் உச்சியையே வெடி வைத்துத் தகர்த்துக் கரி எடுக்கும் முறை வந்துவிட்ட காலம் அது. மலை போனால் சாட்சியும் போகும். 2009-ல் பிளேர் மலையைத் தேசியச் சரித்திர ஸ்தலங்களின் பட்டியலில் சேர்த்தார்கள்; அதே வருஷம் நீக்கினார்கள். 2011-ல் பல நூறு பேர் மார்மெட்டிலிருந்து மலைவரை பழைய பாதையில் மறுபடி நடந்தார்கள். வழக்கு நடந்தது. 2018-ல் மலை பட்டியலில் மீண்டும் ஏறிற்று. 1921-ல் தொழிலாளர் தலைவராயிருந்த பிராங்க் கீனியின் கொள்ளுப்பேரர் சரித்திர ஆசிரியர். இந்த மீட்சிக்காக உழைத்தவர்களில் அவரும் ஒருவர். மேட்வானில் 2015-ல் ஒரு காட்சிச்சாலையும் திறந்தார்கள். கம்பெனி வில்லைகளையும், துப்பாக்கிகளையும், சிவப்புக் கைக்குட்டையையும் அங்கே காணலாம்.

இரண்டாவது, நம் தொழிலைப் பற்றியது. ஆகையால் சற்றுப் பெருமையோடு சொல்கிறோம். 2018 பிப்ரவரி 22-ந் தேதி மேற்கு வர்ஜீனியாவின் 55 ஜில்லாக்களிலும் பள்ளி ஆசிரியர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். சுமார் இருபதினாயிரம் ஆசிரியர்கள்; பஸ் ஓட்டுகிறவர்களும் சமையற்காரர்களும் உடன் சேர்ந்தார்கள். சம்பளம் குறைவு, வைத்தியக் காப்பீட்டுச் செலவு ஏறிக்கொண்டே போயிற்று. வேலை நிறுத்தம் சட்ட விரோதம் என்றார்கள் அதிகாரிகள். கவர்னரோ நிலக்கரிச் சுரங்கங்களின் சொந்தக்காரர்! பள்ளியில் கிடைக்கும் சாப்பாட்டை நம்பியிருக்கும் ஏழைப் பிள்ளைகள் பட்டினி கிடக்கக் கூடாதென்று, ஆசிரியர்கள் முன்கூட்டியே உணவுப் பொட்டலங்கள் கட்டி அனுப்பினார்கள். ஒன்பது பள்ளி நாட்களுக்குப் பிறகு நூற்றுக்கு ஐந்து வீதம் சம்பள உயர்வு கிடைத்தது; ஆசிரியர்களுக்கு மட்டுமல்ல, ராஜ்யத்தின் எல்லா ஊழியர்களுக்கும். ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. ஆனால் தலைநகர மண்டபத்தில் கூடிய ஆசிரியர்களில் பலர் கழுத்தில் கட்டியிருந்தது சிவப்புக் கைக்குட்டை.

அந்தக் கைக்குட்டையைப் பற்றிப் பாடபுத்தகம் அவர்களில் பலருக்குச் சொல்லித் தரவில்லை. பாட்டனார் வீட்டுத் திண்ணையிலும், சங்கக் கூடத்திலும், தோட்டாக் கூட்டைப் பொறுக்கிய கைகளிலிருந்தும் அதைக் கற்றுக்கொண்டார்கள். இனி அவர்கள் வகுப்பில் படிக்கும் பிள்ளைகள் "கைக்குட்டை ஏன் சிவப்பு?" என்று கேட்பார்கள், ஆசிரியர்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கவர்னர் தடுத்து வைத்த பக்கம் அப்படித்தான் வகுப்புக்குள் வந்து சேரும். அடுத்த தடவை வீட்டில் ஒரு பையனோ பெண்ணோ தேசப்படத்தை விரித்து வைத்து, "அப்பலாச்சியன் மலையில் நிலக்கரி கிடைக்கிறது" என்று உருப்போடும்போது, நேயர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: "கிடைக்கிறது சரி, யார் எடுத்துக் கொடுத்தார்கள்?"